வியோலா, இரண்டாம் மேசை

எண்பத்தொன்பதில், விக்டோரியா மண்டபத்தில்
ரெஜினா மாசிலாமணியின் முதல் படைப்பை வாசித்தோம்.
ஹாம்பர்க்கிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.
தாளெங்கும் சர்க்கரையில் எறும்பு மொய்த்ததுபோல் சுரங்கள்.
ஒரு தட்டுக்குள் பதினொன்று,
அதன் தலைமேல் ஓர் ஏழு,
அதற்கும் மேலே ஜெர்மன் மொழியில் ஓர் அதட்டல்.
பக்கத்து நாற்காலி பெங் ஹுவாட் கிசுகிசுத்தான்:
பிசகினால் எழுதியவளுக்கே தெரியாது.

தெரிந்தது.
கைதட்டி நிறுத்திவிட்டு
பின்வரிசைவரை நடந்து வந்தாள்.
"நாற்பத்திரண்டாம் கட்டம். கால் சுரம் கீழே இருக்கிறீர்கள்."
எனக்கு மட்டும் புரியட்டுமென்று தமிழில் சொன்னாள்.
என் காது சிவந்ததில் எல்லோருக்கும் புரிந்தது.

கச்சேரிக்கு மறுநாள்
'கெட்டிக்காரத்தனம்' என்று எழுதியது பத்திரிகை.
செருப்புக்குள் புகுந்த கல்லாக அந்தச் சொல்.
பத்து வருஷம் அதோடு நடந்தாள்.

இடையில் வயிற்றுப்பாடு:
உயர்நிலைப்பள்ளிப் பாடகர் குழு,
தேசிய தினத்துக்கு ஊதுகுழல் கோவை,
ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பேரங்காடி மின்தூக்கிக்கு
எட்டு வினாடி மணியோசை.
ஒருமுறை அதில் சேர்ந்தே ஏறினோம்.
கதவு திறந்ததும் அது ஒலித்தது.
ஒருவரையொருவர் பார்க்காமல்
நான்காம் மாடியில் இறங்கிக்கொண்டோம்.

பிறகு தோ பாயோ, பன்னிரண்டாம் மாடி.
எதிர் புளோக்கில் துணி கோத்த மூங்கில் கழிகளைக்
குழாய்த் துளைகளில் செருகும் சத்தத்தை
மின்கட்டண உறையின் முதுகில் குறித்துவைத்தாள்:
எந்த மாடி, எத்தனை மணி,
ஜீன்ஸா, பள்ளிச் சீருடையா.
அதிலிருந்து வந்த நால்வர் இசையில்
சுரங்கள் இடம்விட்டு உட்கார்ந்தன,
பேருந்தில் அந்நியர்கள் உட்காருவதுபோல்.

அடுத்தவை இன்னும் காலி.
எஸ்பிளனேடில் எனக்கு எழுபத்துமூன்று கட்டம் ஓய்வு.
தொடையில் விரலால் எண்ணினேன்.
குளிரூட்டியின் மூச்சு. மூன்றாம் வரிசையில் மிட்டாய்த் தாள்.
ஐம்பதில் ஓர் இருமல்.
முடிந்ததும் கேட்டேன், இருமலையும் எழுதினாயா?
"இல்லை. இடம் விட்டேன்."
அந்த வாரம் பெங் ஹுவாட் ஓய்வுக் கடிதம் கொடுத்தான்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம்.

நடுவில் எப்போதோ
முதல் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.
எல்லாப் பகுதிகளையும் அனுப்புங்கள், கிழித்துவிடுகிறேன் என்று
நூலகருக்கு மூன்று வரிக் கடிதம்.
என்னுடையது தொலைந்துபோனதாகச் சொன்னேன்.
அலமாரியில், மத்திய சேமநிதிக் கடிதங்களுக்கு அடியில்
அது பத்திரமாகத் தொலைந்திருந்தது.

போன மாசி மாதம் அழைத்தாள்.
"அதைக் கொண்டு வா."
எதை என்று நான் கேட்கவில்லை.
காப்பிக்கடை மேசையில் தே-ஓ கோசோங்கைத் தள்ளிவைத்து
தாளைப் பிரித்தாள்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச்
சிவப்புப் பென்சிலால் அடித்தாள், ஒரு பக்கம், இன்னொரு பக்கம்.
நடுவே ஒருதரம் சிரித்தாள்,
எதற்கென்று சொல்லவில்லை.
மழை வந்தது, தட்டு எடுக்க வந்த அம்மா காத்து நின்றார்,
அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.
நாற்பத்திரண்டில் பென்சில் நின்றது.
அங்கிருந்த சுரத்தையும் அடித்தாள்.
அதற்குக் கால் சுரம் கீழே
ஒன்றை எழுதி வட்டமிட்டாள்.

புதிய படைப்பு அதுதான்.
வியோலாக்கள் மட்டும், நான்கு நிமிடம்,
அந்த ஒரே சுரம்.

முப்பத்தைந்து வருஷம் விரலைத் திருத்தியாயிற்று.
தவறிய இடத்துக்கு இப்போது அதற்கு வழி தெரியவில்லை.
வைத்தால் சுத்தமாக விழுகிறது,
இழுத்தால் அழுகிறது.
இன்றும் கைதட்டி நிறுத்தினாள்.
முழங்கால் வலியோடு பின்வரிசைவரை வந்தாள்.
"இன்னும் கீழே. அன்றைக்கு வாசித்தாயே."
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளை பத்து மணிக்கு மறுபடி ஒத்திகை.